ஸ்பெயின் மலைக்கிராமத்தில் நண்பர் வீட்டில் தங்கப் போகிறீர்களா? அல்புஹாரா அன்றாடத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஸ்பெயினின் தெற்கே, சியெரா நெவாடா மலைத்தொடரின் தெற்குச் சரிவில் இருக்கும் பகுதிக்கு அல்புஹாரா என்று பெயர். பம்பனெய்ரா, புபியோன், கபிலெய்ரா, திரெவேலெஸ், பெர்ச்சூலெஸ் என்று வெள்ளையடித்த ஊர்கள் மலையில் அடுக்கடுக்காக உட்கார்ந்திருக்கும். தலைக்கு மேல் 3,479 மீட்டர் உயர முலசேன் சிகரம். பெரும்பாலான ஊர்களில் சில நூறு பேர்தான் வசிக்கிறார்கள்.

இப்படிப்பட்ட ஊரில் விடுதியில் அறை எடுத்தால் நீங்கள் யாரோ ஒரு பயணி. நண்பர் வீட்டில் தங்கினால் நீங்கள் அந்த வீட்டு ஆள். கடையில் நீங்கள் வணக்கம் சொல்லாமல் போனால், மத்தியானத் தூக்க நேரத்தில் சத்தம் போட்டால், யாரோ ஒருவர் மரத்து அத்திப்பழத்தைப் பறித்துத் தின்றால், எல்லாம் நண்பரின் கணக்கில்தான் எழுதப்படும். நீங்கள் கிளம்பிவிடுவீர்கள். அவர் அங்கேயே இருந்து அந்தக் கணக்கைத் தீர்க்க வேண்டும். கீழே சொல்லியிருக்கும் ஒவ்வொன்றையும் இதை மனதில் வைத்துப் படியுங்கள். நான் தங்கியதெல்லாம் தோழியின் வீட்டில். அங்கே பார்த்ததையும் கற்றதையும் வரிசையாகத் தருகிறேன்.

படி 1: அழைப்புக் கடிதத்தை முதலில் கேளுங்கள்

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு, ஸ்பெயின் உட்பட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதற்குள் அதிகபட்சம் 90 நாள் தங்கலாம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசி எல்லை 15 நாள். 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடும் கட்டாயம்.

இதுவரை எல்லாருக்கும் பொதுவானது. நண்பர் வீட்டில் தங்குபவர்களுக்கு மட்டும் கூடுதலாக ஒரு வேலை இருக்கிறது. விடுதி முன்பதிவுக்குப் பதிலாக, 'கார்தா தே இன்விதாசியோன்' என்ற அழைப்புக் கடிதத்தைக் காட்ட வேண்டும். நண்பர் தன் கைப்பட எழுதித் தரும் கடிதம் செல்லாது. அவர் தேசியக் காவல்துறை அலுவலகத்தில் விண்ணப்பித்து, வீட்டுக்கான சான்றுகளைக் காட்டி, கட்டணம் கட்டி வாங்க வேண்டும். மலைக்கிராமத்தில் அந்த அலுவலகம் இருக்காது. ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு நகரத்துக்கு இறங்க வேண்டும், பிறகு கடிதம் வரக் காத்திருக்க வேண்டும், வந்ததும் அசலை உங்களுக்கு அனுப்ப வேண்டும். அதனால் விமானச் சீட்டைப் பற்றி யோசிப்பதற்கு முன்பே இதைப் பேசிவிடுங்கள். தேதிகளையும் அப்போதே உறுதியாகச் சொல்லிவிடுங்கள். "பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டால், அவர் எந்த வாரம் விடுப்பு எடுப்பது என்று தெரியாமல் தவிப்பார்.

படி 2: பெட்டியில் எதை வைப்பது, எதை வைக்கக் கூடாது

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து இறைச்சியோ பால் பொருளோ பயணப்பெட்டியில் கொண்டுபோகக் கூடாது. நெய், பால்கோவா இரண்டும் இதில் அடங்கும். பச்சைக் கறிவேப்பிலைக்கும் வழியில்லை. 2019 டிசம்பர் முதல் பச்சைக் காய், கனி, இலை எதற்கும் தாவரநலச் சான்றிதழ் வேண்டும். வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை, டுரியன் இந்த ஐந்துக்கு மட்டும் விலக்கு. கறிவேப்பிலையைக் காயவைத்துப் பொடித்து, பருப்புப்பொடியாக எடுத்துப் போங்கள். கூடவே கடுகு, பெருங்காயம், கொஞ்சம் துவரம்பருப்பு. சீரகமும் மிளகும் அங்கேயே கிடைக்கும்.

பரிசாக நல்ல தேயிலை, ஏலக்காய், முந்திரி, ஒரு கைத்தறித் துண்டு போதும். விலையுயர்ந்த பொருள் எதுவும் வேண்டாம்; அவர்கள் கூச்சப்படுவார்கள்.

முக்கியமாக வீட்டுக்குள் போட மெத்தென்ற செருப்பு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். நாம் வெறுங்காலோடு வீட்டுக்குள் நடப்பவர்கள். அங்கே தரை கல்லோ ஓடோ பதித்தது, அக்டோபரிலிருந்தே சில்லென்று இருக்கும். வெறுங்காலில் திரியும் விருந்தாளியைப் பார்த்தால் அந்த வீட்டு மூத்தவர்கள் பதறிப்போவார்கள்: சளி பிடிக்கும், செருப்பைப் போடு என்று நாள் முழுக்கச் சொல்வார்கள். நம் மூன்று முனைப் பிளக் அங்கே பொருந்தாது, இரண்டு உருண்டை முனை அடாப்டர் வேண்டும். கோடையில் போனாலும் ஒரு ஸ்வெட்டர் இருக்கட்டும்; திரெவேலெஸ் 1,476 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, இரவு அந்த உயரத்தை ஞாபகப்படுத்தும்.

படி 3: ஊர் போய்ச் சேர்வது

விமானம் மாலகாவுக்கோ கிரனாடாவுக்கோ. கிரனாடா பேருந்து நிலையத்திலிருந்து ஆல்சா நிறுவனப் பேருந்து லன்ஹரோன், ஓர்ஹிவா வழியாக மேலே ஏறுகிறது. நாளுக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய நடைகள்தான். கடைசி வண்டியைத் தவறவிட்டால் நண்பர் இரவில் கொண்டை ஊசி வளைவுகளில் காரோட்டி வர வேண்டியிருக்கும். விமானம் தரையிறங்கும் நேரத்தைப் பேருந்து நேரத்தோடு பொருத்திப் பார்த்தே சீட்டு எடுங்கள். பொருந்தவில்லையென்றால் கிரனாடாவில் ஓர் இரவு தங்கிவிட்டு மறுநாள் காலையில் ஏறுங்கள். வாந்தி வருபவர்கள் முன் இருக்கை பார்த்து உட்காருங்கள்.

கிளம்புமுன் பணம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சிறிய ஊர்கள் பலவற்றில் ஏடிஎம் கிடையாது. சில்லறை யூரோவாக இருந்தால் இன்னும் நல்லது.

படி 4: முதல் நாளே ஊருக்கு முகம் காட்டுங்கள்

வந்த அலுப்பில் அறைக்குள் அடைந்து கிடக்காதீர்கள். சாயங்காலம் நண்பரோடு ஒரு நடை ஊரைச் சுற்றி வாருங்கள். தெருவில் எதிர்ப்படும் எல்லாருக்கும் வணக்கம் சொல்ல வேண்டும். தெரிந்தவரா தெரியாதவரா என்ற கேள்வியே இல்லை. மத்தியானச் சாப்பாடு வரை 'புவேனோஸ் தியாஸ்', அதற்குப் பிறகு இருட்டும் வரை 'புவேனாஸ் தார்தெஸ்', பிறகு 'புவேனாஸ் நோச்செஸ்'. குழப்பமாக இருந்தால் வெறும் 'புவேனாஸ்' எந்த நேரத்துக்கும் பொருந்தும். கடைக்குள்ளோ பாருக்குள்ளோ நுழையும்போதும் அங்கிருக்கும் எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லுங்கள். யாராவது சாப்பிட்டுக்கொண்டிருந்தால் 'கே அப்ரோவேச்சே' (நன்றாகச் சாப்பிடுங்கள்) என்று ஒரு வார்த்தை.

அறிமுகம் செய்துவைக்கும்போது பெண்கள் கன்னத்தோடு கன்னம் வைத்து இரண்டு முத்தம் தருவார்கள், ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவிலும் அதே வழக்கம். ஆண்கள் தங்களுக்குள் கை குலுக்குவார்கள். இது பிடிக்காதவர்கள் சிரித்த முகத்தோடு முந்திக்கொண்டு கையை நீட்டினால் போதும். யாரும் தப்பாக எடுப்பதில்லை. தாமதித்துவிட்டுப் பின்வாங்குவதுதான் எதிராளியைச் சங்கடப்படுத்தும்.

திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிகள் நீங்கள் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பார்கள். பெயரைச் சொல்வதைவிட, இன்னார் வீட்டில் தங்கியிருக்கும் தோழி என்று சொல்லுங்கள்: 'சோய் அமீகா தே' என்று தொடங்கி நண்பரின் பெயர். ஆணாக இருந்தால் 'அமீகோ'. அதன் பிறகு உங்களைத் தெரியாதவர் என்று அந்தத் தெருவில் யாரும் இருக்கமாட்டார்கள். வயதானவர்களிடம் 'து' என்று ஒருமையில் பேசாமல் 'உஸ்தெத்' என்று மரியாதையாகப் பேசுவது நல்லது. உங்களோடு ஒருமையில் பேசச் சொல்லி அவர்களே சொன்னால் மாற்றிக்கொள்ளலாம்.

படி 5: வயிற்றையும் தூக்கத்தையும் ஊர் நேரத்துக்கு மாற்றுங்கள்

ஸ்பெயின் பூகோளப்படி இங்கிலாந்தின் நேரத்தில் இருக்க வேண்டிய நாடு. 1940-இல் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி மத்திய ஐரோப்பிய நேரத்துக்கு மாற்றினார்கள். அது இன்றுவரை திரும்பவில்லை. கோடையில் இன்னொரு மணி நேரம் கூடும். அதனால் ஜூன் மாதம் கிரனாடா பக்கம் சூரியன் மறைய இரவு ஒன்பதரை தாண்டிவிடும். உச்சி வெயில் கடிகாரத்தில் இரண்டு மணிக்கு மேல்தான். அவர்கள் சாப்பாட்டு நேரம் ஏன் அப்படி என்பதற்கு இது பாதி விளக்கம்.

காலையில் காபியும் தக்காளி தேய்த்த ரொட்டியும். பதினொன்று வாக்கில் ஏதாவது ஒரு கடி. மத்தியானச் சாப்பாடு இரண்டரை, மூன்று. இரவுச் சாப்பாடு ஒன்பதரை, பத்து. பன்னிரண்டரைக்குப் பசிக்கிறது என்று சமையலறையில் பாத்திரத்தை உருட்டாதீர்கள். பதினொரு மணிப் பலகாரத்தைக் கொஞ்சம் கனமாகச் சாப்பிட்டுக்கொண்டால் தாங்கும். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் முதல் நாளே நண்பரிடம் சொல்லிவிடுங்கள், தனியாக ஏதாவது ஏற்பாடு செய்வார்கள்.

மூன்றிலிருந்து ஐந்து, ஐந்தரை வரை ஊர் அடங்கிவிடும். கடை மூடியிருக்கும். யார் வீட்டுக் கதவையும் தட்டக் கூடாது, போன் செய்யக் கூடாது, சலவை இயந்திரம் போடக் கூடாது. கோடையில் காலை பத்து மணிக்கே ஜன்னலையும் மரக்கதவையும் சாத்திவிடுவார்கள். புழுங்குமே என்று நீங்கள் திறந்துவிட வேண்டாம். தடித்த கல் சுவர் இரவுக் குளிர்ச்சியைப் பிடித்து வைத்திருக்கும். பகலில் திறந்தால் அன்றைய குளிர்ச்சி முழுக்கப் போய்விடும். இருட்டிய பிறகு எல்லாவற்றையும் திறந்து போடலாம்.

கோடை இரவில் தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசுவார்கள். காதிஸ் மாகாணத்தில் அல்கார் என்ற ஊர் இந்த வழக்கத்துக்கு யுனெஸ்கோ அங்கீகாரம் கேட்டு 2021-இல் முயற்சி தொடங்கியது. உங்களுக்கும் ஒரு நாற்காலி போடுவார்கள். மொழி புரியாவிட்டாலும் போய் உட்காருங்கள். தூக்கம் வருகிறது என்று உள்ளே போனால் அந்த ஊரின் பாதியைத் தவறவிடுவீர்கள்.

படி 6: வீட்டுக்குள் தெரிந்துகொள்ள வேண்டியவை

மின்சாரம்: அங்கே ஒவ்வொரு வீடும் இத்தனை கிலோவாட் என்று ஒப்பந்தம் போட்டிருக்கும். கிராமத்து வீட்டில் பெரும்பாலும் 3.45 அல்லது 4.6 கிலோவாட். அடுப்பு, ஹீட்டர், சலவை இயந்திரம் மூன்றையும் ஒரே நேரத்தில் போட்டால் வீடு முழுக்க இருண்டுவிடும். ஒன்றை அணைத்துவிட்டுத்தான் இன்னொன்று. மெயின் சுவிட்ச் எங்கே என்று முதல் நாளே கேட்டு வையுங்கள்.

காஸ்: ஆரஞ்சு நிற சிலிண்டர், உள்ளே 12.5 கிலோ பியூட்டேன். காலியானால் கொடுத்துவிட்டு நிரப்பியதை வாங்க வேண்டும். குளிக்கும் வெந்நீரும் பல வீடுகளில் இதிலிருந்துதான் வருகிறது, இல்லாவிட்டால் சிறிய மின் கொதிகலனிலிருந்து. உங்களுக்குப் பின்னால் குளிக்க இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிக் குளியுங்கள். வாளியில் பிடித்துக் குளிக்கும் நம் பழக்கம் இங்கே கைகொடுக்கும்.

குளிர்காலத்தில் வீட்டில் ஒரே ஓர் அறையில்தான் விறகு அடுப்பு எரியும். எல்லாரும் அங்கேதான் இருப்பார்கள். சில வீடுகளில் வட்ட மேசைக்குத் தரை வரை தொங்கும் கனமான துணி போட்டு, அடியில் ஹீட்டர் வைத்திருப்பார்கள். துணியை மடிமேல் இழுத்துவிட்டுக்கொண்டு உட்காருங்கள், கால் சூடாகிவிடும். பழைய முறைப்படி கரித்தணல் வைக்கும் வீடாக இருந்தால் அறையில் காற்றோட்டம் இருக்கிறதா என்று பாருங்கள், தூங்கப் போகும்போது அதை அறையில் விடவே கூடாது. விறகைக் கேட்காமல் அள்ளிப் போடாதீர்கள். ஒரு குளிர்காலத்துக்கான விறகு பெரிய செலவு. அடுக்கி வைக்க உதவி செய்யுங்கள், அதுதான் அவர்களுக்கு வேண்டும்.

குப்பை: மஞ்சள் தொட்டி பிளாஸ்டிக், டப்பாவுக்கு. நீலம் காகிதத்துக்கு. பச்சை கண்ணாடிக்கு. தொட்டிகள் ஊர் முனையில் இருக்கும், இருட்டும் நேரத்தில் கொண்டுபோவார்கள். இந்த வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். கேட்டால் வேண்டாம் என்பார்கள், கேட்காமல் செய்தால் மகிழ்வார்கள்.

படி 7: கடையும் ரொட்டி வண்டியும்

கடை இல்லாத ஊர்களுக்கு ரொட்டிக்காரர் வேனில் வருவார். ஹாரன் அடித்தால் தெருவுக்கு ஓட வேண்டும். பல வீடுகளில் கதவுப்பிடியில் துணிப்பை ஒன்று தொங்கும். வீட்டில் ஆள் இல்லாவிட்டால் ரொட்டியை அதில் போட்டுவிட்டுப் போவார், காசு பிறகு. மீன் வண்டியும் இப்படித்தான், குறிப்பிட்ட கிழமைகளில். ஓர்ஹிவாவில் வியாழக்கிழமை சந்தை.

கடையிலும் மருந்துக்கடையிலும் மருத்துவர் அறை வாசலிலும் யாரும் வரிசையாக நிற்கமாட்டார்கள். ஆளுக்கொரு மூலையில் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். வரிசை இல்லை என்று நேரே கல்லாவுக்குப் போய்விடாதீர்கள். உள்ளே நுழைந்ததும் 'கியென் எஸ் எல் உல்திமோ?' என்று உரக்கக் கேளுங்கள்: கடைசி ஆள் யார்? ஒருவர் கை தூக்குவார். அவருக்கு அடுத்தது நீங்கள். அடுத்து யாராவது வந்து கேட்டால் நீங்கள் கை தூக்க வேண்டும். இந்த ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டு போனால், நான் பார்த்தவரை, வேறெதுவும் தராத மரியாதையை அது தரும்.

பழத்தைக் கையால் அழுத்திப் பார்க்க வேண்டாம். எத்தனை வேண்டும் என்று சொன்னால் கடைக்காரர் எடுத்துத் தருவார். ஞாயிற்றுக்கிழமை எதுவும் திறக்காது என்று வைத்துக்கொண்டு சனிக்கிழமை காலையிலேயே வாங்கிவிடுங்கள்.

படி 8: சாப்பாடு

சைவர்களும் பன்றி இறைச்சி உண்ணாதவர்களும் இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். அல்புஹாராவின் பெருமையே உப்பிட்டு மலைக்காற்றில் உலர்த்திய பன்றித்தொடைதான், ஹமோன் என்பார்கள். திரெவேலெஸ் அதற்குப் பேர்போன ஊர். பல வீட்டுச் சமையலறையில் ஒரு முழுத் தொடை தாங்கியில் மாட்டி நிற்கும். அதை இறைச்சியாகவே கணக்கில் எடுக்காதவர்கள் உண்டு. "இறைச்சி சாப்பிடமாட்டேன்" என்று சொன்னால், பீன்ஸில் ஹமோன் துண்டு போட்டு அன்போடு கொண்டுவந்து வைப்பார்கள். ஆகவே பெயர் பெயராகச் சொல்ல வேண்டும்: 'நோ கோமோ கார்னே, நி ஹமோன், நி பெஸ்காதோ'. இறைச்சி, ஹமோன், மீன் எதுவும் வேண்டாம் என்று பொருள். சாலட்டில் சூரை மீன் வரும், அதையும் தனியாகச் சொல்லுங்கள். பருப்புக் குழம்பில் சோரிசோ தொத்திறைச்சி கொதித்திருக்கும். கிறிஸ்துமஸ் காலத்து மந்தேகாதோ, போல்வோரோன் பலகாரங்களில் பன்றிக்கொழுப்பு இருக்கும். இனிப்புதானே என்று வாயில் போட்டுவிடுவார்கள் நம்மவர்கள்.

இதையெல்லாம் தட்டு வந்த பிறகு சொல்லக் கூடாது. வருவதற்கு முன்பே நண்பரிடம் செய்தியாக அனுப்பிவிடுங்கள்.

தைரியமாகச் சாப்பிடக்கூடியவை நிறைய. உருளைக்கிழங்கு, பச்சைக் குடைமிளகாய், வெங்காயம் மூன்றையும் ஆலிவ் எண்ணெயில் நிதானமாக வேகவைக்கும் 'பாப்பாஸ் ஆ லோ போப்ரே'. முட்டை சாப்பிடுபவர்களுக்கு மேலே ஒரு பொரித்த முட்டை. பாதாம், பூண்டு, ரொட்டி அரைத்த குளிர்ந்த 'அஹோபிளாங்கோ'. கத்திரிக்காயைப் பொரித்து அதன் மேல் கரும்புப் பாகு ஊற்றித் தருவார்கள். முதலில் விசித்திரமாக இருக்கும், பிறகு விடமாட்டீர்கள். மழை பெய்தால் 'மீகாஸ்' கிண்டுவார்கள். இங்கே அதைக் கோதுமை ரவையில் செய்கிறார்கள்: பூண்டு வதக்கிய எண்ணெயில் தண்ணீரும் ரவையும் சேர்த்து, உதிர் உதிராக வரும் வரை அரை மணிக்கும் மேலாகக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். உப்புமா கிண்டிய கைக்கு இந்த வேலை தெரியும், அகப்பையை வாங்கிக்கொள்ளுங்கள். மத்தி மீன், மிளகாய், ஆலிவ், பழத்துண்டு எல்லாம் தொட்டுக்கொள்ள வைப்பார்கள். பழைய முறைப்படி எல்லாரும் ஒரே சட்டியைச் சுற்றி நின்று, ஒரு கரண்டி எடுத்துவிட்டு ஒரு அடி பின்னால் நகர்ந்து அடுத்தவருக்கு வழிவிட்டுச் சாப்பிடுவது.

எச்சில் விஷயம்: சாலட் தட்டு நடுவில் இருக்கும், எல்லாரும் அவரவர் முள்கரண்டியால் நேராக எடுத்துச் சாப்பிடுவார்கள். இது ஒத்துக்கொள்ளாதவர்கள் ஆரம்பத்திலேயே கொஞ்சம் தங்கள் தட்டில் எடுத்து வைத்துக்கொள்ளலாம், யாரும் கண்டுகொள்ளமாட்டார்கள். ஆனால் தண்ணீருக்கு 'போதிஹோ' என்று ஒரு மண்கூஜா இருக்கும். அதன் மூக்கில் வாய் வைக்கவே கூடாது, தூக்கி அண்ணாந்துதான் குடிக்க வேண்டும். வெளியூர்க்காரர்கள் சட்டையை நனைத்துக்கொள்வார்கள். நாம் சிந்தாமல் குடிப்பதைப் பார்த்து, தோழியின் மாமனார் எனக்கு இன்னொரு முறை ஊற்றிக் காட்டச் சொன்னார்.

என்றாவது ஒரு நாள் நம் சாப்பாடு சமைக்கச் சொல்வார்கள். எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்குப் பொரியல், கொண்டைக்கடலை சுண்டல், ரசம் போதும். கடையில் கிடைப்பது பெரும்பாலும் உருண்டை அரிசி, குழைந்துவிடும். நீள அரிசி என்று கேட்டு வாங்குங்கள். ஆலிவ் எண்ணெயில் கடுகு நன்றாகவே வெடிக்கும். காரத்தைப் பாதியாகக் குறையுங்கள், அங்கே மூத்தவர்கள் காரம் தாங்கமாட்டார்கள். இரண்டரை மணிக்கு மேசையில் இருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்கும் ஒரு கிண்ணம் போகட்டும். மறுநாள் கிண்ணம் தக்காளியோடோ முட்டையோடோ திரும்பி வரும்.

படி 9: வாய்க்கால் முறை வந்தால் கூடவே போங்கள்

அல்புஹாராவைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு காரியம் செய்ய நேரம் இருக்கிறதென்றால் இதைச் செய்யுங்கள். இந்த மலை முழுக்க 'அசேக்கியா' என்னும் வாய்க்கால்கள் ஓடுகின்றன. முஸ்லிம் ஆட்சிக் காலத்தில் விரிந்து வளர்ந்தவை. 1568 முதல் 1571 வரை மொரிஸ்கோக்கள், அதாவது கிறிஸ்தவத்துக்கு மாற்றப்பட்ட முஸ்லிம்கள், நடத்திய கிளர்ச்சி ஒடுக்கப்பட்ட பிறகு அந்த மக்கள் வெளியேற்றப்பட்டார்கள், வடக்கிலிருந்து புதியவர்கள் குடியேறினார்கள். வாய்க்காலும் முறைப் பாசனமும் அப்படியே நின்றன. உயரத்தில் இருக்கும் சில வாய்க்கால்களின் வேலை இன்னும் வியப்பானது. பனி உருகும் காலத்தில் நீரை மலையின் மேல்பகுதியில் திருப்பி, மண்ணுக்குள் இறங்க விட்டுவிடுவார்கள். அது மெல்ல ஊறி இறங்கிக் கோடையில் கீழே ஊற்றாக வெளிவரும். பராமரிப்பின்றித் தூர்ந்துபோன பல வாய்க்கால்களை கிரனாடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தன்னார்வலர்களோடு சேர்ந்து 2014 முதல் மீட்டு வருகிறார்கள்.

உங்கள் நண்பருக்குக் காய்கறித் தோட்டம் இருந்தால் அதற்கு ஒரு தண்ணீர் முறை இருக்கும்: இந்தக் கிழமை, இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை. அது நள்ளிரவிலும் வரலாம், விடியலிலும் வரலாம். முறை என்றால் முறைதான். சுற்றுலாத் திட்டத்தை அதற்காக மாற்றிக்கொள்ளுங்கள்.

வேலை இப்படி நடக்கும். மேலே மடையை அடைத்திருக்கும் பலகைக் கல்லையும் கந்தலையும் நண்பர் எடுத்து, அடுத்த கிளைக்கு மாற்றி அடைப்பார். முதலில் சருகும் நுரையும் தள்ளிக்கொண்டு மெல்ல ஒரு நாக்கு நீர் வரும். வெடித்த மண் அதை அப்படியே குடித்துவிடும், வராதோ என்று தோன்றும். பிறகு சாலில் ஏறி ஓடத் தொடங்கும். உங்கள் இடம் சாலின் கடைசி முனை. தண்ணீர் காலடிக்கு வந்ததும் 'யா!' என்று கத்த வேண்டும். உடனே நண்பர் மண்வெட்டியால் ஒரு வெட்டு மண் போட்டு அந்தச் சாலை அடைத்து அடுத்ததைத் திறப்பார். தாமதமாகக் கத்தினால் தண்ணீர் கீழ்ப்பாத்திக்கு வழிந்துவிடும், அது வேறு ஒருவருடைய நிலமாக இருக்கலாம். நேரம் முடிந்ததும் மடையை அடுத்தவருக்குத் திருப்பிவிட்டுத்தான் வீட்டுக்கு வர வேண்டும்.

மறந்தும் வாய்க்காலில் கல் போட்டு விளையாடாதீர்கள், பாதம் கழுவக் கரையை இடிக்காதீர்கள். நிலத்தட்டுகளைத் தாங்கும் கல்சுவர்கள் சாந்து இல்லாமல் அடுக்கியவை. குறுக்குவழி என்று அதன் மேல் ஏறினால் ஒரு கல் நகரும், அடுத்த மழையில் சுவரே சரியும்.

படி 10: பாரில், பணத்தில்

பார் என்றால் சாராயக்கடை என்று தயங்க வேண்டாம். பாட்டி, குழந்தை, பாதிரியார் எல்லாரும் காபிக்கு அங்கேதான் வருவார்கள். குடிக்காதவர்கள் 'மோஸ்தோ' என்ற திராட்சைச் சாறு கேட்கலாம். கிரனாடா மாகாணத்தில் பானம் வாங்கினால் கூடவே ஒரு சிறு தட்டு உணவு இலவசமாக வரும். அது ஹமோனாகவோ மீனாகவோ இருக்கலாம், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காசு கிளம்பும்போது. யார் கொடுப்பது என்று நம் ஊரைப் போலவே இழுபறி நடக்கும். ஒரு முறை அவர்களைக் கொடுக்க விடுங்கள், அடுத்த முறை எழுந்து போய் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள்.

வாடகை போல நண்பர் கையில் பணம் திணிப்பது நன்றாக இருக்காது. வாரச் சந்தைச் செலவை நீங்கள் பாருங்கள், ஒரு காஸ் சிலிண்டர் வாங்கிப் போடுங்கள், காருக்கு பெட்ரோல் நிரப்புங்கள், ஞாயிறு மத்தியானம் எல்லாரையும் வெளியே சாப்பிட அழைத்துப் போங்கள்.

படி 11: மலையில் நடக்கும்போது

கேட் திறந்திருந்தால் திறந்தபடியும் மூடியிருந்தால் மூடியபடியும் விட்டுவிட்டுப் போங்கள், ஆடுகள் இருக்கின்றன. கேட்பாரற்றுக் கிடப்பதுபோல் தெரியும் பாதாம் மரத்துக்கும் சொந்தக்காரர் உண்டு. ஜூன் 1 முதல் அக்டோபர் 15 வரை, அல்புஹாரா இருக்கும் ஆண்டலூசியா மாநிலத்தில் காட்டுத்தீ ஆபத்துக் காலம், வெளியில் நெருப்பு மூட்டக் கூடாது. குளிர்காலக் கடைசியில் பைன் மரங்களிலிருந்து கம்பளிப்பூச்சிகள் ஒன்றன் பின் ஒன்றாக இறங்கி ஊர்வலம் போகும். அழகாக இருக்கும், தொடாதீர்கள். அதன் முடி பட்டால் கடும் அரிப்பு வரும், நாய்க்கு உயிருக்கே ஆபத்து. இலையுதிர், குளிர்கால வார இறுதிகளில் வேட்டை நடக்கும், பளிச்சென்ற நிறத்தில் உடுத்துங்கள். அவசரத்துக்கு 112.

படி 12: திருவிழாவும் சாவும்

ஆகஸ்ட் 5 அன்று திரெவேலெஸ் மக்கள் பனிமாதா விழாவுக்காக முலசேன் சிகரத்துக்கு ஏறுகிறார்கள். பெர்ச்சூலெஸில் ஆகஸ்ட் முதல் வார இறுதியில் புத்தாண்டு கொண்டாடுகிறார்கள்! 1994-ஆம் ஆண்டு கடைசி இரவில் மின்சாரம் போய் ஊரே இருளில் மூழ்கியது. விட்டுப்போன கொண்டாட்டத்தை அடுத்த கோடையில் நடத்தினார்கள், பன்னிரண்டு மணி அடிக்கும்போது பன்னிரண்டு திராட்சை விழுங்குவது உட்பட. பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. விழாவுக்கு நாற்காலி தூக்க, மேசை போட ஆள் வேண்டும்; பார்வையாளராக நிற்காமல் கை கொடுங்கள்.

தேவாலய மணி மெதுவாக, இடைவெளிவிட்டு அடித்தால் யாரோ இறந்துவிட்டார்கள். பெரும்பாலும் மறுநாளே அடக்கம், ஊர் முழுக்கப் போகும். நண்பர் போனால் நீங்களும் அடக்கமான நிற உடையில் கூடப் போங்கள். 'லோ சியெந்தோ' (வருந்துகிறேன்) என்று சொல்லிக் கையைப் பிடித்தால் போதும்.

படி 13: கிளம்பும்போது

கிளம்புவதற்கு முந்தின நாள் மாலையே, உங்களிடம் பேசிய வீடுகளுக்கெல்லாம் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். சொல்லாமல் போனால் நண்பரிடம்தான் கேட்பார்கள். காலையில் படுக்கை விரிப்பை உருவி மடித்து வையுங்கள், அறையைப் பெருக்கிவிடுங்கள். பேருந்துக்கு அரை மணி முன்பே நிறுத்தத்தில் நில்லுங்கள்.

கை நிறையக் கொடுத்து அனுப்புவார்கள்: பாதாம், உலர்ந்த அத்தி, வீட்டு ஆலிவ் எண்ணெய். ஹமோனை மட்டும் அன்பாக மறுத்துவிடுங்கள், விமான நிலையத்தில் இறைச்சியோடு மாட்டிக்கொள்ள வேண்டாம். எண்ணெய் கைப்பையில் போகாது. டப்பாவின் மூடியை டேப் போட்டுச் சுற்றி, இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் கட்டி, பழைய துணிகளுக்கு நடுவில், பெரிய பெட்டியில் நிமிர்த்தி வையுங்கள்.